134-வது இடம் வரை: கோவை நிருபமா ஏறிய டென்னிஸ் ஏணி... தருமபுரியில இருந்து ஏறணும்னா என்ன செய்யணும்?

1998 ஜனவரி. மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலிய ஓபன் போட்டி. இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை எதிர்த்து கோவையைச் சேர்ந்த 21 வயதுப் பெண் ஒருவர் களத்தில் நிற்கிறார். பெயர் நிருபமா வைத்தியநாதன். ஆட்டத்தை ஜெயித்தும் விட்டார். ஓபன் சகாப்தம் என்று சொல்லப்படும் 1968-க்குப் பிந்தைய காலத்தில், கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

அவருடைய வாழ்நாள் சிறந்த ஒற்றையர் தரவரிசை 134. உலகத்தில் 133 பேர்தான் அவருக்கு மேலே. ஆனாலும் நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும்?

இப்போ தருமபுரிக்கு வருவோம். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் ஒரு எட்டு வயசுப் பொண்ணு டிவியில டென்னிஸ் பார்த்துட்டு "நானும் ஆடணும்ப்பா"னு கேட்டா வீட்டுல என்ன பதில் சொல்றது? கபடி, வாலிபால்னா பி.டி. வாத்தியார்கிட்ட அனுப்பிடலாம். டென்னிஸுக்கு யார்கிட்ட போறது, எவ்வளவு செலவாகும், கடைசியில எங்க போய்ச் சேரும்? நிருபமாவின் கதையைப் பார்த்தால் இதில் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். மீதிக்கு, டென்னிஸ் தரவரிசை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

'முதல் பெண்' யார்? ஒரு சின்னத் திருத்தம்

"கிராண்ட்ஸ்லாமில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் நிருபமா" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. 1934-லேயே லீலா ராவ் விம்பிள்டனில் முதல் சுற்று ஒற்றையர் ஆட்டத்தை வென்றிருக்கிறார். ஆனால் அது அமெச்சூர் காலம். பணப்பரிசும் கிடையாது, இன்றைக்கு இருப்பது போன்ற கணினித் தரவரிசையும் கிடையாது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது 1968-ல்தான். அதற்குப் பிறகு ஒற்றையரில் முதல் வெற்றி வர 30 வருஷம் ஆனது. அதைக் கொண்டுவந்தவர் நிருபமா.

அதே காலகட்டத்தில் நிருபமா என்ற பெயரில் இன்னொருவரும் உண்டு. 1971-ல் ஆனந்த் அமிர்தராஜுடன் சேர்ந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் ஆடிய நிருபமா மங்கட். இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கோவையில இருந்து எப்படிக் கிளம்பினார்?

1976 டிசம்பர் 8-ம் தேதி கோவையில் பிறந்தவர் நிருபமா. அப்பா கே.எஸ்.வைத்தியநாதன் தமிழ்நாட்டுக்காக கிரிக்கெட் ஆடியவர். ஐந்து வயதிலேயே மகள் கையில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்துப் பழக்கியவரும் அவர்தான். இது முக்கியமான விஷயம். டென்னிஸ் வீராங்கனைகளின் கதைகளைப் பார்த்தால், முதல் கோச் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பார். வீனஸ், செரீனாவுக்கு அப்பா ரிச்சர்ட் வில்லியம்ஸ். சானியா மிர்சாவுக்கு அப்பா இம்ரான் மிர்சா. வீட்டில் ஒருவர் தினமும் ரெண்டு மணி நேரம் மைதானத்தில் நிற்க முடிந்தால்தான் இந்த விளையாட்டில் முதல் படியே தாண்ட முடியும்.

பதின்ம வயதிலேயே தேசிய அளவில் பெண்கள் பட்டத்தை வென்றார் நிருபமா. அதுக்கு மேல இந்தியாவுக்குள்ள ஏற இடமில்லை. அன்றைக்குப் பெண்களுக்கான சர்வதேசப் போட்டிகள் இங்கே மிகக் குறைவு. தரவரிசைப் புள்ளி வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போயாக வேண்டும். போனார். பெரும்பாலும் தனியாக. கூடவே சுற்ற கோச் கிடையாது, பெரிய ஸ்பான்சர் கிடையாது. இணையம் பரவாத காலம் அது. அடுத்த ஊரில் எங்கே தங்குவது, எந்த ரயிலைப் பிடிப்பது என்பதையெல்லாம் அங்கே போய்த்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலகின் முதல் 200 பேருக்குள் வந்த முதல் இந்தியப் பெண் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் வெண்கலம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் பெண்கள் இரட்டையர். பிறகு திருமணமாகி அமெரிக்காவில் குடியேறி, கலிஃபோர்னியாவில் டென்னிஸ் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 2010-ல் நிருபமா சஞ்சீவ் என்ற பெயரில் மறுபடி களமிறங்கி, டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். அப்போது அவருக்கு வயது 33.

2013-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பெயர் 'தி மூன்பாலர்'. மூன்பால் என்றால்? பந்தை வேகமாக அடிக்காமல், வானத்தைப் பார்த்து உயரமாக, மெதுவாக, எதிராளியின் கோட்டுக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி அடிப்பது. பார்க்க அழகாக இருக்காது. எதிரில் ஆடுபவருக்குப் பொறுமை போய்விடும். தவறு அவர் பக்கம் வரும்வரை பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அதிலுள்ள சாமர்த்தியம்.

தரவரிசை எப்படி வேலை செய்யுது?

இங்கதான் கொஞ்சம் கவனமாப் படிக்கணும். டென்னிஸில் தேர்வுக்குழு கிடையாது. கிரிக்கெட் மாதிரி யாரோ உட்கார்ந்து அணியை அறிவிப்பதில்லை. எந்தப் போட்டியில் ஆடலாம் என்பதைத் தரவரிசை எண்தான் முடிவு செய்யும்.

பெண்கள் டென்னிஸில் அடிப்படிப் போட்டிகளைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப் நடத்துகிறது. டபிள்யூ15, டபிள்யூ35, டபிள்யூ50, டபிள்யூ75, டபிள்யூ100 என்று அவற்றுக்குப் பெயர். அந்த எண்ணைப் பார்த்தாலே புரிந்துவிடும். டபிள்யூ15-ல் சாம்பியன் ஆனால் 15 புள்ளி, டபிள்யூ100-ல் ஆனால் 100 புள்ளி. அதற்கு மேலே டபிள்யூ.டி.ஏ அமைப்பின் போட்டிகள். அதிலும் 125, 250, 500, 1000 என்று அதே கணக்கு. உச்சியில் கிராண்ட்ஸ்லாம். சாம்பியனுக்கு 2,000 புள்ளி.

கடைசி 52 வாரங்களில் எடுத்த புள்ளிகள் மட்டும்தான் கணக்கு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பழைய வாரத்தின் புள்ளி கழியும், புதிய வாரத்தின் புள்ளி சேரும். போன வருஷ அறுவடை இந்த வருஷக் குதிரில் நிற்காது. அதனால் காயம்பட்டு ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தால் தரவரிசை தானாகவே சரிந்துவிடும்.

இன்னொரு விதியும் இருக்கிறது. ஒற்றையரில் ஒருவரின் சிறந்த 18 போட்டிகளின் புள்ளிகளைத்தான் கூட்டுவார்கள். இந்த 18 என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பெண் ஒரே வருஷத்தில் 18 டபிள்யூ15 போட்டிகளில் ஆடி, பதினெட்டிலும் சாம்பியன் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அவருக்குக் கிடைப்பது 18 பெருக்கல் 15, அதாவது 270 புள்ளி. உலகின் முதல் 100 பேருக்குள் வர வேண்டுமென்றால் அண்மை ஆண்டுகளில் 700 புள்ளியை ஒட்டித் தேவைப்படுகிறது. அப்படின்னா, கீழ்ப்படியில் நடக்கவே நடக்காத அளவுக்கு ஜெயித்தாலும் அந்தப் படியில் இருந்துகொண்டே மேலே போக முடியாது. அடுத்த படிக்கு ஏறித்தான் ஆக வேண்டும். அடுத்த படி பெரும்பாலும் வேறு நாட்டில் இருக்கும்.

உண்மையில் ஆரம்பக் கட்டத்தில் யாரும் 18 பட்டம் வெல்வதில்லை. டபிள்யூ15-ல் முதல் சுற்றைத் தாண்டினால் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. தோற்றால் பூஜ்யம். பரிசுப் பணம்? மொத்தப் போட்டிக்கும் சேர்த்து 15,000 டாலர். அதைத்தான் எல்லோருக்கும் பிரிப்பார்கள். ஒற்றையர் சாம்பியனுக்கு 2,000 டாலருக்குச் சற்று மேலே. முதல் சுற்றில் தோற்றவருக்கு 200 டாலர்கூடக் கிடைக்காது. வெளிநாட்டுப் போட்டி என்றால் விமான டிக்கெட், விசா, அறை வாடகை, சாப்பாடு, மட்டைக்கு நரம்பு மாற்றும் செலவு எல்லாம் ஆட்டக்காரரின் கையிலிருந்துதான். ஜெயித்தால்கூட நஷ்டத்தில்தான் ஓடும். டென்னிஸை 'பணக்காரங்க விளையாட்டு' என்று நம்ம ஊரில் சொல்வார்கள். மட்டையோட விலையை வச்சு அப்படிச் சொல்றாங்க. செலவு அதுல இல்லை, பயணத்துல இருக்கு.

134-க்கும் 104-க்கும் நடுவுல என்ன இருக்கு?

கிராண்ட்ஸ்லாம் பெண்கள் ஒற்றையரில் 128 பேர் ஆடுவார்கள். அதில் 104 பேர் தரவரிசையை வைத்து நேராக உள்ளே போவார்கள். 16 பேர் தகுதிச் சுற்றில் ஜெயித்து வருபவர்கள். மீதி 8 இடம் வைல்டு கார்டு, அதாவது போட்டி நடத்துபவர்கள் விருப்பப்பட்டுக் கொடுப்பது.

இப்போ நிருபமாவின் 134-ஐ இந்த விதியில் வைத்துப் பாருங்கள். இன்றைக்கு அந்த எண்ணில் இருக்கும் ஒருவர் நேராக உள்ளே போக முடியாது. தகுதிச் சுற்றில் 128 பேரோடு மோதி, தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் பிரதான சுற்று. வித்தியாசம் முப்பது இடம். பணத்தில் அது எவ்வளவு தெரியுமா? 2025 ஆஸ்திரேலிய ஓபனில் பிரதான சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு 1,32,000 ஆஸ்திரேலிய டாலர், சுமார் 70 லட்சம் ரூபாய். தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 35,000 டாலர்.

வருஷத்துக்கு நான்கு கிராண்ட்ஸ்லாம். நான்கிலும் நேரடி இடம் இருந்தால், ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காவிட்டாலும் கோச்சுக்குச் சம்பளம், உடற்பயிற்சியாளர், பயணம் எல்லாவற்றுக்கும் அந்த வருஷம் பணம் தேறிவிடும். கோச் கூட வந்தால் ஆட்டம் மேம்படும், தரவரிசை இன்னும் ஏறும். கோட்டுக்கு வெளியே இருப்பவர் தனியாகவே சுற்றுவார், தனியாகவே தோற்பார், தன் தவறை யாரும் சொல்ல இல்லாமல் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுவார். 134-ல் இருக்கிறவருக்கும் 104-ல் இருக்கிறவருக்கும் ஆட்டத்தில் இருக்கும் வித்தியாசம் ரொம்பச் சின்னது. வாழ்க்கையில் இருக்கும் வித்தியாசம் அப்படியில்லை. நிருபமாவின் காலத்தில் பரிசுப் பணம் இன்றைக்கு இருப்பதில் ஒரு துளிதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 134 எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

சானியாவுக்கு எது கைகொடுத்தது?

நிருபமாவுக்குப் பிறகு சில வருஷத்தில் ஹைதராபாத்திலிருந்து சானியா மிர்சா வந்தார். 2005 ஆஸ்திரேலிய ஓபனில் வைல்டு கார்டு மூலம் உள்ளே நுழைந்து, மூன்றாவது சுற்று வரை போய் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். அடுத்த மாதமே ஹைதராபாத் ஓபன். சொந்த ஊர், சொந்த மக்கள். அங்கே பட்டத்தை வென்று, டபிள்யூ.டி.ஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அந்த வருஷம் அமெரிக்க ஓபனில் நான்காவது சுற்று. 2007 ஆகஸ்டில் ஒற்றையர் தரவரிசை 27. இரட்டையரில் 2015-ல் உலகின் நம்பர் 1. இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாக ஆறு கிராண்ட்ஸ்லாம் பட்டம்.

திறமையைப் பற்றிச் சந்தேகமில்லை. ஆனால் ஏணிக் கணக்கில் கவனிக்க வேண்டியது அந்த ஹைதராபாத் போட்டி. சரியான நேரத்தில், சொந்த ஊரில், பெரிய புள்ளிகள் உள்ள ஒரு போட்டி நடந்தது. ஒரு வார வெற்றியில் கிடைத்த புள்ளிக்கு, சின்னப் போட்டிகளில் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். நிருபமாவின் நல்ல காலத்தில் அப்படி ஒரு பெண்கள் போட்டி இந்தியாவில் இல்லை.

மாயா: மறுபடியும் கோவை

2025 பிப்ரவரி, மும்பை ஓபன். டபிள்யூ.டி.ஏ 125 போட்டி. தகுதிச் சுற்றிலிருந்து ஒரு 15 வயதுப் பெண் கிளம்பி வருகிறார். அன்றைக்கு 264-வது இடத்தில் இருந்த பெலாரஸின் இரினா ஷிமனோவிச்சை முதல் சுற்றில் வீழ்த்துகிறார். காலிறுதியில் ஜப்பானின் மெய் யமகுச்சி. அதுவும் வெற்றி. அரையிறுதியில் ஸ்விட்சர்லாந்தின் ஜில் டைக்மனிடம் தோல்வி. டைக்மன் ஒரு காலத்தில் உலகத் தரவரிசையில் 21-ல் இருந்தவர், அந்த வாரம் பட்டத்தையும் வென்றவர்.

அந்தப் பெண் மாயா ராஜேஸ்வரன் ரேவதி. 2009 ஜூனில் பிறந்த கோவைக்காரர். பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டையும் வைத்திருக்கிறார். கோவையில் பழகி, பிறகு ஸ்பெயினின் மயோர்கா தீவில் உள்ள ரஃபேல் நடால் அகாடமிக்குப் பயிற்சிக்குப் போனார்.

இங்கேயும் அதே கதைதான். மும்பையில் அந்தப் போட்டி நடக்காமல் போயிருந்தால், அந்த வயதில், அந்தத் தரவரிசையில் இருந்த ஒருவருக்கு வெளிநாட்டு 125 போட்டி எதிலும் நுழைய வழியே இருந்திருக்காது. ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்: 15 வயதில் அரையிறுதி என்பது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். 'அடுத்த சானியா' என்று இப்போதே பட்டம் கட்டுவது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற நல்லது இல்லை. டபிள்யூ.டி.ஏ-வே சின்ன வயது ஆட்டக்காரர்களுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. 14 வயதுக்கு முன் தொழில்முறைப் போட்டியில் ஆட முடியாது. 18 ஆகும்வரை வருஷத்துக்கு இத்தனை போட்டிதான் என்று வரம்பு உண்டு. சில சிறுமிகள் சின்ன வயதிலேயே களைத்து ஒதுங்கியதைப் பார்த்துக் கொண்டுவந்த விதி அது.

தமிழ்நாட்டுக்கும் பெரிய போட்டி வரத் தொடங்கியிருக்கிறது. 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் அரங்கில் சென்னை ஓபன் டபிள்யூ.டி.ஏ 250 நடந்தது. செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா சாம்பியன். அதே போட்டியில் இந்தியாவின் கர்மன் கவுர் தண்டி, எட்டாம் நிலை வீராங்கனை குளோயே பாக்கேயை வீழ்த்தினார். மூன்று வருஷ இடைவெளிக்குப் பிறகு 2025-ல் மறுபடி நடந்தது. இந்தோனேசியாவின் ஜானிஸ் ட்ஜென் பட்டம் வென்றார். வருஷா வருஷம் நடந்தால்தான் உள்ளூர்ப் பெண்களுக்கு அதில் பலன். விட்டு விட்டு நடக்கும் போட்டியை நம்பி யாரும் தன் வருஷத்தைத் திட்டமிட முடியாது.

சரி, தருமபுரியில என்ன நிலைமை?

முதல் சிக்கல் இடம். ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். பக்கவாட்டிலும் பின்னாலும் ஓட இடம் விட்டால் ஏறக்குறைய 36 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம் வேண்டும். ஒரு வாலிபால் களம் 18-க்கு 9. ஆக, நான்கு வாலிபால் களம் போடுகிற இடத்தில் ஒரே ஒரு டென்னிஸ் களம்தான் போட முடியும். அதில் ஒரே நேரத்தில் ஆடப்போவது இரண்டு பேர், மிஞ்சிப் போனால் நான்கு பேர். ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் எந்தத் தலைமையாசிரியர் இதற்குச் சம்மதிப்பார்? அரசுப் பள்ளி மைதானங்களில் டென்னிஸைப் பார்க்க முடியாததற்கு முதல் காரணம் இந்தக் கணக்கு.

ஆனா இதுக்கு ஒரு வழி இருக்கு. பலருக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் முழுக் களத்தில், முழு வேகப் பந்தில் ஆடவே வேண்டாம் என்பது ஐ.டி.எஃப்-பின் விதி. 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் காற்றழுத்தம் குறைந்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. பந்து மெதுவாக வரும், தலைக்கு மேல் எகிறாது. சிவப்புப் பந்துக்குக் களத்தின் நீளம் 11 மீட்டர் போதும். ஆரஞ்சுப் பந்துக்கு 18 மீட்டர்.

18 மீட்டர் என்றால் வாலிபால் களத்தின் நீளம்! அதாவது ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருக்கும் வாலிபால் களத்தில், வலையை இடுப்புக்கும் சற்றுக் கீழே, 80 சென்டிமீட்டருக்கு இறக்கிக் கட்டினால் பத்து வயதுவரை டென்னிஸ் பழகலாம். தரை மட்டும் பந்து சீராக எழும்புகிற மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். புழுதி மண்ணில் பந்து செத்துவிடும். பள்ளிக் கட்டடத்தின் சுவர் ஒன்று காலியாக இருந்தால், அதில் வலை உயரத்துக்கு ஒரு கோடு போட்டு அடித்துப் பழகலாம்.

அதற்கு மேல் போக, ஊரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இதில் தருமபுரிக்கு ஒரு சாதகம் இருக்கிறது. சென்னை 300 கிலோமீட்டர். ஆனால் பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர்தான். அங்கே கப்பன் பார்க்கில் கர்நாடக மாநில டென்னிஸ் சங்கத்தின் அரங்கம் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஜனவரி மாதம் அங்கே ஐ.டி.எஃப் பெண்கள் போட்டி நடந்திருக்கிறது. 2008-ல் பெங்களூரு ஓபனில் செரீனா, வீனஸ் இருவருமே ஆடினார்கள். அரையிறுதியில் அக்காவை வென்ற தங்கை, பட்டத்தையும் வென்றார். தருமபுரியிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் நடந்த விஷயம் இது! கோவை – பெங்களூரு வந்தே பாரத் ரயில் சேலம், தருமபுரி, ஓசூரில் நின்றுதான் போகிறது. மாநில எல்லை தாண்டினால் சங்கம் வேறு, பதிவு வேறு என்று தயங்க வேண்டியதில்லை. அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பதிவு செய்த பிள்ளை எந்த மாநிலத்தில் நடக்கும் தேசியத் தரவரிசைப் போட்டியிலும் ஆடலாம்.

இன்னொரு சிக்கல் இடத்தைவிடக் கடினமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 946 பெண்கள். மாநிலத்திலேயே குறைவான எண்ணிக்கை அது. பெண் குழந்தைகளைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. அப்படிப்பட்ட மாவட்டத்தில், பொண்ணு தினமும் சாயங்காலம் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவதற்கும், பதினாறு வயதில் தனியாக வெளியூர் போவதற்கும் வீட்டில் சம்மதம் வாங்குவது சின்ன விஷயமில்லை. பணம் இருக்கிற வீட்டிலும் இதே பேச்சுதான். "வயசுக்கு வந்த பிறகு நிறுத்திடலாம்" என்கிற அந்த ஒரு வரி, 13 வயதில் ஏணியிலிருந்து இறக்கிவிடுகிறது. ஐ.டி.எஃப் ஜூனியர் போட்டிகள் தொடங்கும் வயதும் சரியாக அதே 13.

எந்த வயசுல என்ன செய்யணும்?

6 முதல் 10 வயது வரை சிவப்பு, ஆரஞ்சுப் பந்து. இந்த வயதில் போட்டியைவிட ஓட்டமும், கண்-கை ஒருங்கிணைப்பும்தான் முக்கியம். கூடவே வேற விளையாட்டும் ஆடலாம், ஆடணும்.

அடுத்தது அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் ஜூனியர் போட்டிகள். 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். கீழ்நிலையில் டேலன்ட் சீரிஸ், அதற்கு மேல் சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ், நேஷனல் சீரிஸ் என்று படிகள் உண்டு. பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் அவசியம். பள்ளிச் சேர்க்கைக்காகத் தேதியை மாற்றிக் கொடுத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்ள நேரும். முதல்லயே சரிபார்த்துக்கோங்க. மாநில அளவில் நுங்கம்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தை அணுகலாம்.

13 முதல் 18 வரை ஐ.டி.எஃப் ஜூனியர் போட்டிகள். ஜே30, ஜே60, ஜே100 என்று மேலே போகும். இதற்கு ஐ.டி.எஃப் இணையதளத்தில் ஐபின் என்ற ஆட்டக்காரர் எண் எடுக்க வேண்டும். ஜூனியர் போட்டியில் பணப்பரிசு கிடையாது. செலவு மட்டும்தான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித்தொகைத் திட்டங்களும், 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையின் நிதியும் இந்தக் கட்டத்தில்தான் ரொம்பத் தேவைப்படும். ஆனால் உதவி கேட்க, காட்டுவதற்கு ஏதாவது ஒரு முடிவு கையில் இருக்க வேண்டும். அதனால் முதல் மூன்று, நான்கு வருஷச் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான்.

ஏணியில் உச்சிக்குப் போகாவிட்டால்?

பெரும்பாலானவர்கள் போக மாட்டார்கள். இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது. ஆனால் டென்னிஸ் ஆடிய வருஷங்கள் வீணாகாமல் இருக்கச் சில வழிகள் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் டென்னிஸுக்காக உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. இந்தியாவுக்காக ஆடும் சஹஜா யமலபள்ளி, டெக்சாஸில் உள்ள சாம் ஹூஸ்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர். படிப்பும் முடிந்தது, ஆட்டமும் தொடர்ந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இரட்டையர் இன்னொரு வழி. ஒற்றையரில் சானியாவின் உச்சம் 27. மணிக்கட்டுக் காயத்தால் அவதிப்பட்டவர், பிறகு முழுக்க இரட்டையருக்கு மாறி நம்பர் 1 ஆனார். நிருபமாவுக்கு ஆசியப் பதக்கம் கிடைத்ததும் கலப்பு இரட்டையரில்தான். சின்ன வயதிலிருந்தே வலைக்குப் பக்கத்தில் ஆடப் பழகிய பிள்ளைக்கு இந்தக் கதவு திறந்தே இருக்கும். நம்ம பக்கத்தில் பெரும்பாலும் பின்கோட்டில் நின்று அடிக்க மட்டுமே கற்றுக்கொடுக்கிறார்கள்.

கடைசியாகப் பயிற்சியாளர் வேலை. நிருபமா 134-லேயே நின்றாலும், அதே விளையாட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறார், கலிஃபோர்னியாவில் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு. தருமபுரிக்கு இப்போதைக்கு வேண்டியதும் அந்த மாதிரி ஒருவர்தான்: வாலிபால் களத்தில் வலையை இறக்கிக் கட்டி, ஒரு கூடை ஆரஞ்சுப் பந்தோடு சாயங்காலம் நாலு மணிக்கு வந்து நிற்கிற ஒருவர்.